யோகாவுக்கு 87 டிக்: இதை நம்பி முற்பணம் கட்டலாமா?

கேள்வி: ஹட்டன் டவுனில் அப்பாவின் பலசரக்குக் கடைக்கு மேல் மூன்று அறைகள் சும்மா கிடக்கின்றன. நான் கொழும்பில் ஒரு ஹோட்டல் ஸ்பாவில் ஆறு வருடம் தெரபிஸ்டாக வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். கையில் 18 லட்சம் ரூபாய் இருக்கிறது. சொந்தமாக ஒரு வெல்னஸ் சென்டர் தொடங்க ஆசை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்பதால் கூகுள் ஃபோர்மில் ஒரு கேள்விக்கொத்து செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிடித்ததையெல்லாம் டிக் பண்ணலாம் என்று போட்டிருந்தேன். 112 பேர் பதில் தந்தார்கள். யோகா வகுப்பு 87, மூலிகை நீராவிக் குளியல் 79, சிரோதாரா (நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றுவது) 64, கால் மசாஜ் 41, தலைக்கு எண்ணெய் மசாஜ் 23. அப்படியென்றால் முதல் மூன்றை வைத்துத் தொடங்குவதுதானே சரி? நீராவி அறைக்கு மட்டும் நாலரை லட்சம் கேட்கிறார்கள். முற்பணம் கட்டட்டுமா?

பதில்: கட்ட வேண்டாம் தங்கச்சி. குறைந்தது ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடை திறக்கும் முன் நாலு பேரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் பக்கத்துக் கடைக்காரன் என்ன செய்கிறானோ அதையே செய்வதுதான் வழக்கம். ஒரு கொமினிகேஷன் (போன், போட்டோகொப்பிக் கடை) வந்தால் அதே வரிசையில் ஐந்து கொமினிகேஷன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி உங்களுக்கு வேண்டிய பதிலைத் தராது.

எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்தையும் கூட்டினால் 294 டிக். 112 பேரால் வகுத்தால் ஒருவர் இரண்டரைக்கும் மேலே டிக் போட்டிருக்கிறார். டிக் போடுவதற்குக் காசு இல்லை, நேரம் இல்லை, பஸ் ஏறி வரத் தேவையில்லை. கல்யாண வீட்டில் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் யார் "உப்புக் கூடிப்போச்சு" என்று சொல்வார்கள்? உங்கள் ஃபோர்ம் போனது உங்கள் கூட்டாளிகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பழைய பள்ளிக்கூட குரூப்புக்கும். அவர்கள் பதில் சொன்னது உங்கள் மேல் உள்ள அன்பினால். யோகா நல்லது என்று டீவியிலும் யூடியூப்பிலும் சொல்கிறார்கள், அதனால் யோகாவுக்கு 87. "எனக்கு யோகா வேண்டாம்" என்று சொன்னால் ஏதோ சோம்பேறி என்று நினைத்துவிடுவீர்களோ என்ற கூச்சமும் அதில் கொஞ்சம் உண்டு.

சொல்வதும் செய்வதும் வேறு என்பதற்கு, வாடிக்கையாளர் விருப்பத்தை ஆராயும் எங்கள் துறையில் ஒரு பழைய கதை உண்டு. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியுடன் அந்த நாடு முழுக்கப் பயணம் செய்தார். சீனர்கள் மேல் வெறுப்பு பரவிக் கிடந்த காலம். 250க்கு மேற்பட்ட விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு லாபியர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீன விருந்தாளிகளை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள்! 1934இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். காகிதத்தில் கேட்டால் ஒரு பதில், ஆள் வாசலில் வந்து நின்றால் வேறு பதில். உங்கள் விஷயத்தில் இது தலைகீழாக நடக்கும்: காகிதத்தில் "வருவோம்", வாசலில் ஆளைக் காணோம்.

நானும் இதில் சூடு பட்டவன்தான். சில வருடங்களுக்கு முன் எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கம் ஒரு சிறிய விடுதிக்காக வெள்ளைக்காரப் பயணிகளிடம் கேள்விக்கொத்து கொடுத்தேன். அதிகம் பேர் விரும்பியது விடியற்காலைத் தியானம். அறிக்கையை எழுதியது நான், அதை நம்பி மொட்டை மாடியில் மரத்தளம் போட்டது விடுதிக்காரர். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கோப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்தவர். அந்த விடுதியில் உண்மையில் ஓடியது என்ன தெரியுமா? குட்டி சிவனொளிபாதத்துக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் நடந்துவிட்டு வருகிறவர்கள் கால் நனைக்கக் கேட்ட சுடுதண்ணீர்ப் பேசின். சமையல்கார அம்மா அதில் கல் உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், இலவசமாக. என் கேள்விக்கொத்தில் பேசின் என்ற சொல்லே இல்லை.

உங்கள் பட்டியலிலும் அதே பிரச்சினை. அந்த ஐந்து சேவைகளும் எங்கிருந்து வந்தன? நீங்கள் வேலை செய்த கொழும்பு ஹோட்டலின் மெனுவிலிருந்து என்று நினைக்கிறேன். ஹட்டன் ஆட்கள் கேட்கக்கூடிய வேறு எதுவும் அதில் இல்லாததால் அவர்கள் அதைக் கேட்கவும் முடியவில்லை. முதுகும் தோளும் எங்கே? தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்த தோளும், பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்ற முழங்காலும், மஸ்கெலியா வளைவுகளில் வான் ஓட்டிய இடுப்பும் இருக்கிற ஊர் இது. பிள்ளை பெற்ற வீட்டில் நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்துக் குளிப்பாட்டுவது எங்கே? அதைச் செய்துவிடும் கிழவிகள் ஒவ்வொரு தோட்ட லயத்திலும் இருந்தார்கள். இப்போது டவுனுக்கு வந்து குடியேறிய பிள்ளைகளுக்கு அந்தக் கை கிடைப்பதில்லை. (சிசேரியன் ஆனவர்கள், பிரஷர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வந்தால் வைத்தியரின் சம்மதம் இல்லாமல் கை வைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.)

சரி, அப்படியென்றால் எப்படிக் கேட்பது?

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்பதை மூட்டை கட்டி வையுங்கள். அதற்குப் பதிலாக நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "கடைசியாக உடம்பு வலித்தது எப்போது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்? யார் செய்துவிட்டார்கள்? எவ்வளவு செலவு?" இந்த நாலு கேள்வி போதும். பதில்கள் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்: இரண்டு பனடோல், சித்தாலேப, கோடாலித் தைலம், மகளை விட்டு மிதிக்கச் சொன்னது, வெதமாத்தயாவிடம் (நாட்டு வைத்தியரிடம்) போய் எண்ணெய் போட்டுக் கட்டு கட்டியது. இவைதான் உங்கள் போட்டியாளர்கள். நுவரெலியாவில் இருக்கிற பெரிய ஹோட்டல் ஸ்பா இல்லை. வெதமாத்தயாவிடம் பஸ் ஏறிப் போய், அரை நாள் காத்திருந்து, காசும் கொடுத்துவிட்டு வந்த ஒருவர், உங்கள் ஃபோர்மில் டிக் போட்ட பத்துப் பேருக்குச் சமம். அவர் ஏற்கனவே செலவழித்துக் காட்டிவிட்டார்.

இதை ஃபோர்மில் கேட்காதீர்கள். ஆளைப் பார்த்துப் பேசுங்கள், ஒரு சிஆர் கொப்பியில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "நாரி பிடிச்சுக்கிட்டு" என்று ஒருவர் சொன்னால் "முதுகுவலி" என்று திருத்தாதீர்கள். நாளைக்கு உங்கள் போர்டில் எழுத வேண்டிய சொல் அதுவாகவே இருக்கலாம்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. உங்கள் 112 பேரையும் ஒரே கூட்டமாக எண்ணியதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. ஹட்டனுக்கு வரும் காசு குறைந்தது மூன்று வகை. டவுனிலும் டிக்கோயா, கொட்டகலை பக்கமும் இருக்கிற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தாதிமார், கடைக்காரக் குடும்பங்கள் ஒன்று. சிவனொளிபாதமலைக்குப் போய்விட்டு வரும் யாத்திரிகர்கள் இரண்டு. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கப் பக்கம் பங்களாக்களில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் மூன்று. பங்களாக்காரர்கள் அங்கேயே எல்லாவற்றையும் வைத்திருப்பார்கள். அவர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

யாத்திரிகர்களைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சீசன் டிசம்பர் உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. இரவு முழுக்க ஏறி, சூரிய உதயம் பார்த்துவிட்டு, காலையில் இறங்குகிறார்கள். ஒரு நாள் காலை நல்லதண்ணி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிய முழங்கால் என்ன ஆகும் என்று அங்கே தெரியும். பஸ் படியில் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கையால் தூக்கி வைக்கிற பெரியவர்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் பெண் பிள்ளைகள். இவர்களில் பலர் மஸ்கெலியா, நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு வந்து கோச்சிக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்கள். இருபது நிமிட கால் மசாஜுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்கள் உண்டா?

அப்படித்தான் தோன்றும். ஆனால் அதுவும் ஊகம்தான். அவர்கள் கூட்டமாக வந்தவர்கள், ஒருவருக்காகப் பத்துப் பேர் காத்திருக்க மாட்டார்கள். காசு முடிந்திருக்கும். கோச்சி வந்துவிடுமோ என்று ஒரு கண் பிளாட்பாரத்திலேயே இருக்கும். யாத்திரை போய்விட்டு வந்த உடம்பில் அந்நியர் கை படுவதை விரும்பாதவர்களும் இருப்பார்கள். அதனால் கேட்காதீர்கள், செய்து பாருங்கள். ஒரு சனி, ஞாயிறு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அப்பாவுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கடை வாசலில் இரண்டு நாற்காலி, இரண்டு பேசின், சுடுதண்ணீர், விலை எழுதிய அட்டை. எத்தனை பேர் நின்று வாசித்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று மூன்று கோடு போட்டு எண்ணுங்கள். ஃபோர்ம் ஆறு மாதத்தில் சொல்லாததை இந்த இரண்டு நாள் சொல்லிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வெசாக் முடிந்ததும் தென்மேல் பருவ மழை. வட்டவளை, ஹட்டன் பக்கம் அந்த மழை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜூன், ஜூலையில் யாத்திரிகர் ஒருவரும் இல்லை, கரண்ட் பில் மட்டும் வரும். அந்த மாதங்களில் உங்களுக்குச் சோறு போடப் போவது முதல் கூட்டம்தான், அதாவது டவுன் ஆட்கள். ஆகவே மூன்று அறையில் இரண்டை அவர்களுக்காகவே தீர்மானியுங்கள்.

அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாலு சேவையைக் காட்டி, இதில் மிகவும் வேண்டியது எது, கடைசியாக வேண்டியது எது என்று கேட்பது. ஜோர்டன் லூவியர் என்ற ஆய்வாளர் 1980களில் உருவாக்கிய முறை. பெரிய கம்பனிகள் இதற்கு சொப்ட்வெயார் வாங்குகின்றன. உங்களுக்கு பிரிஸ்டல் போர்டும் ஒரு கத்தரிக்கோலும் போதும். எட்டு சேவைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஐந்து, அதோடு முதுகு-தோள் எண்ணெய் மசாஜ், பிரசவத்துக்குப் பின் மூலிகைக் குளியல், கால் நனைத்துப் பாதம் உருவிவிடுவது. ஆறு தடவை, தடவைக்கு நாலு அட்டை, ஒவ்வொரு சேவையும் மூன்று தடவை வருகிற மாதிரி கலந்து வைக்க வேண்டும். "வேண்டும்" என்றால் ஒரு புள்ளி கூட்டுங்கள், "வேண்டாம்" என்றால் ஒன்று கழியுங்கள். இங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கீழே போட வேண்டும்.

அட்டையில் கட்டாயம் விலையும் நிமிடமும் எழுதுங்கள். நான் ஒருமுறை விலை இல்லாத அட்டைகளோடு தலவாக்கலையில் ஒரு ஆசிரியையின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் சிரோதாரா அட்டையை எடுத்தார், படம் அழகாக இருக்கிறது என்றார், பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெற்றாக இருந்தது. மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "எதுக்கும் இதை எடுத்து வைங்க தம்பி" என்று தலை மசாஜ் அட்டையைக் கையில் எடுத்தார். பின்பக்கத்தில் தேடியது விலையைத்தான். நான் கேட்க மறந்ததை அவர் தானாகவே கணக்குப் பண்ணிக்கொண்டார்.

ஒரு கூட்டத்துக்கு முப்பது பேர் போதும். முப்பது பேரில் மேலே வருவதும் கீழே போவதும் நன்றாகத் தெரிந்துவிடும். நடுவில் இருப்பவை முன்னே பின்னே மாறும், அதைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம். இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு முக்கியமான லாபம் கீழே போவதை அடையாளம் காண்பது. மூன்று அறைக்கு மூன்று, நாலு சேவைதான் தாங்கும். எட்டில் எதை வெட்டுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நீராவி அறை வெட்டுப்பட்டால் நாலரை லட்சம் அப்படியே கையில் இருக்கும்.

விலையை எப்படி முடிவு செய்வது? "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டால் பேரம்தான் தொடங்கும். 1976இல் பீட்டர் வான் வெஸ்டன்டோர்ப் என்ற டச்சுக்காரர் சொன்ன நாலு கேள்வி நல்லது: எந்த விலையில் இது மலிவு? எந்த விலையில் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றும்? எந்த விலைக்கு மேல் போனால் வரவே மாட்டீர்கள்? எந்த விலைக்குக் கீழே போனால் சந்தேகம் வரும்? எங்கள் நாட்டில் இந்தத் தொழிலுக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். "ஸ்பா" என்ற போர்டைப் பார்த்தாலே சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள். பொலிஸ் சுற்றிவளைப்புச் செய்திகள் பத்திரிகையில் வந்து வந்து அந்தச் சொல்லுக்கே கறை பட்டுவிட்டது. அடிமாட்டு விலை போட்டால் நல்ல குடும்பத்துப் பெண்கள் படி ஏற மாட்டார்கள். பெயரையும் அட்டையில் எழுதிச் சோதியுங்கள். "ஸ்பா", "வெல்னஸ் சென்டர்", "எண்ணெய்க் குளியல் நிலையம்" மூன்றையும் காட்டி, "எதற்கு உங்கள் அம்மாவைத் தனியாக அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். நான் என்றால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்.

யாரும் டிக் போடாத சில விஷயங்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் ஒருமுறை வந்தவர் திரும்ப வர மாட்டார். நொரியாக்கி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984இல் இதற்காக இரட்டைக் கேள்வி முறை ஒன்றைச் சொன்னார். "இது இருந்தால் எப்படி இருக்கும்?" என்று ஒன்று, "இது இல்லாவிட்டால் எப்படி இருக்கும்?" என்று இன்னொன்று. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருந்தால்? "அது இருக்கத்தானே வேண்டும்." இல்லாவிட்டால்? "ஐயோ, நான் வரமாட்டேன்." பெண்ணுக்குப் பெண்தான் செய்வாரா என்பதும் இந்த வகை. மசாஜ் முடிந்ததும் எண்ணெய் போகக் குளிக்கச் சுடுதண்ணீரும் இந்த வகைதான். ஜனவரி மாதத்து ஹட்டன் குளிரில் எண்ணெய் பூசிய உடம்போடு பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் யாரையாவது நிறுத்தினால், அவர் உங்களைப் பற்றி ஊரெல்லாம் சொல்வார். என் கருத்தைக் கேட்டால், நீராவி அறைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி நல்ல கீசருக்கும், அறைச் சூட்டுக்கும், சுவரிலிருந்து வெளியே சத்தம் கேட்காத கதவுக்கும் போக வேண்டும். ஒரு கேள்விக்கொத்திலும் இவை முதலிடத்தில் வராது.

போனில் விசாரிப்பவர்களையும் எழுதி வையுங்கள். "யார் செய்வாங்க? மேல்மாடிக்குப் படி எந்தப் பக்கம்? அப்பா கடையில இருப்பாரா?" இவை எல்லாமே விருப்பத் தகவல்தான். படி கடைக்குள்ளால் போகிறதா, பக்கத்துச் சந்தால் போகிறதா என்பது சிரோதாராவை விட முக்கியமாகக்கூட இருக்கலாம். அப்பாவின் கடையில் சாமான் வாங்க நிற்கிற ஆண்களைக் கடந்து போக வேண்டுமென்றால், வருகிற பெண்கள் பாதியாகிவிடுவார்கள்.

யோகாவைப் பற்றி: 87ஐ நான் முழுக்கத் தள்ளவில்லை. அதைச் சோதிப்பதற்குச் செலவே இல்லை. நாலு வாரத்துக்கு ஒரு வகுப்பு அறிவியுங்கள், நாலு வாரப் பணத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். அந்த 87 பேருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். பத்துப் பேர் காசு கட்டினால் மூன்றாவது அறையில் பாய் விரியுங்கள். "அக்கா, முதல்ல ஒரு நாள் வந்து பார்க்கவா?" என்று மட்டும் பதில் வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சிரோதாராவிலும் "ஆயுர்வேத" என்ற சொல்லிலும் அவசரப்பட வேண்டாம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது, சித்தமும் யூனானியும் அதற்குள் வருகின்றன. சிகிச்சை என்று போர்டில் எழுதுவதற்கு முன் பதிவுபெற்ற வைத்தியர் ஒருவரோடு பேசி, ஆயுர்வேதத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்த்தால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும், எப்படியும் நகரசபையிலும் விசாரிக்க வேண்டும். வாடிக்கையாளர் விரும்புகிற சேவை எல்லாம் நாம் செய்யக்கூடிய சேவை ஆகிவிடாது.

உங்கள் ஆறு வாரத்தை இப்படிப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் கொப்பியோடு இருபது, இருபத்தைந்து வீடு. தோட்டத்துக்குப் போவதென்றால் பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை போங்கள். காசு கையில் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே ஆள் வேறு பதில் சொல்வார். அடுத்த இரண்டு வாரம் அட்டைகள். கடைசி இரண்டு வாரம் ஒரு அறையை மட்டும் சுத்தம் பண்ணி, இரண்டு சேவையை முழு விலைக்குச் செய்து பாருங்கள். சொந்தக்காரர்களுக்கும் முழு விலைதான். அறிமுகச் சலுகை போட்டால் சலுகைக்கு வந்தவர்களைத்தான் எண்ணுவீர்கள். முதல் தடவை வந்தவர்களை விட, பதினைந்து நாளில் இரண்டாம் தடவை வந்தவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

உங்கள் 23 பேருக்குத் திரும்ப வருகிறேன். தலைக்கு எண்ணெய், கடைசி இடம். எங்கள் ஆட்கள் தீபாவளிக்குத் தீபாவளி வீட்டிலேயே நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கிறவர்கள், அதற்கு ஏன் காசு என்று மற்ற 89 பேரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த 23 பேர் யார் என்று ஃபோர்மில் பெயர் இருக்கிறதல்லவா? எடுத்துப் பாருங்கள். வீட்டில் எண்ணெய் வைத்துவிட ஆள் இல்லாதவர்களாக இருந்தால், தனியாக டவுனில் போர்டிங்கில் இருக்கிற டீச்சர்மார், பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்ட அம்மாக்கள், அவர்களிடம்தான் உங்கள் கொப்பியை முதலில் கொண்டு போக வேண்டும்.

நீராவி அறைக்காரர் கொட்டேஷன் முடியப் போகிறது என்று அவசரப்படுத்துவார். படுத்தட்டும், இன்னொரு கொட்டேஷன் தருவார். அட்டைக் கணக்கு முடிந்ததும் கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், டவுன் ஆட்கள் வேறாக, யாத்திரிகர்கள் வேறாக.